குதிரை சாட்சியாக நடந்த என் முதல் கலியாணம்

ரொறொன்ரோவில் ஒரு தமிழ்ப் பெடியன் ஒரு தமிழ்ப் பெட்டையோடு ஒருத்தர் கண்ணிலும் படாமல் ஒரு கோப்பி குடித்துவிட முடியாது. ஸ்காபரோவில் எந்தக் கோப்பிக்கடைக்குள் நுழைந்தாலும் மூலை மேசையில் உங்கள் அம்மாவோடு சங்கீதம் படித்த ஒருவர் இருப்பார். மார்க்கம் பக்கம் போனால் அப்பாவோடு வேலை செய்தவர். சரி, தூரத் தொலைக்கு அஜக்ஸுக்கே ஓடுவோம் என்று ஓடினால், போன மாதம்தான் அங்கே வீடு வாங்கிக்கொண்டு போன சித்தப்பா வாசலில் நின்று புல்லுக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருப்பார். "டேய், நீ இஞ்சை என்ன செய்யிறாய்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு உலகத்தில் பதிலே இல்லை.

நானும் அபியும் ஒரு வருசமாக இந்த நகரத்தைச் சல்லடை போட்டுத் தேடி, கடைசியில் எங்கள் ஆட்கள் எட்டியும் பார்க்காத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தோம். ரெக்ஸ்டேலில் இருக்கிற குதிரைப் பந்தயத் திடல்.

எங்கள் ஆட்களுக்குக் குதிரைப் பந்தயம் என்றால் சூது, குடி, குடும்பம் நடுத்தெரு எல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வரும். "அவர் ரேசுக்குப் போறவராம்" என்று ஒருவரைப் பற்றிக் கதை வந்தால் அவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்குக் கூடப் பெண் எடுப்பது கஷ்டம். ஆகவே அங்கே ஒரு தமிழ்த் தலையும் இருக்காது என்று நான் கணக்குப் போட்டேன். (நான் காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்கிறவன். ஆபத்தைக் கணக்குப் போடுவதுதான் என் தொழில். எப்படிப் போட்டிருக்கிறேன் என்று பாருங்கள்.)

அபி அதே ரெக்ஸ்டேல் பிள்ளைதான், ஆனால் தன் வீட்டு ஆட்கள் திடல் பக்கம் வரவே மாட்டார்கள் என்று சத்தியம் பண்ணினாள். இங்கேயே பிறந்தவள், மருந்துக்கடையில் வேலை. நான் பத்து வயதில் வந்து மில்லிக்கனில் வளர்ந்தவன். நாங்கள் விரும்புவது என் அம்மாவுக்கும் தெரியாது, அவளுடைய அம்மாவுக்கும் தெரியாது. அவளுடைய அம்மா புவனா அன்ரி அஜக்ஸில் இருக்கிற ஒரு பல் டொக்டரின் சாதகத்தை எடுத்து வைத்துக்கொண்டு மகளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தா. அபி ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தாள். அம்மாவுக்கு இந்த விசயம் தன் வாயாலேயே போக வேண்டும். வேறு யாராவது சொல்லி அவ கேள்விப்பட்டால் கதை அதோடு சரி. அம்மா நல்ல மூடில் இருக்கிற நாளாகப் பார்த்துச் சொல்வதாகத் திட்டம். ஒரு வருசமாக அந்த நாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கிடையில் கோடை வந்தது.

இந்தத் திடலில் அரசர் பேரில் ஓடுகிற பெரிய பந்தயம் கோடை முடிகிற நேரம் வரும். பந்தயம் என்னவோ கண்ணை மூடித் திறக்கிறதுக்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முந்திய கிழமைகள் இருக்கே, அது எங்கள் கோயில் கொடியேற்றத்திலிருந்து தேர் வரைக்கும் நடக்கிற கொண்டாட்டம் மாதிரி. ஊர் முழுக்கக் குதிரை. பஞ்சாபி இனிப்புக்கடையில் ஜிலேபியை லாட வடிவில் சுட்டு வைத்திருந்தார்கள். சலூன்காரர் கண்ணாடியில் ஒரு குதிரையைக் கீறி, அதற்கும் பக்கத்தை வழித்து ஸ்டைல் வெட்டு வெட்டிவிட்டிருந்தார். பிளாசா கார் தரிப்பிடத்தில் சின்னப் பிள்ளைகள் நிலம் கூட்டுகிற தும்புத்தடியில் குதிரைத் தலை கட்டிக்கொண்டு ஓடினார்கள். அடுத்தது பெற்றோருக்கான ஓட்டம் என்று அறிவித்தார்கள். பிள்ளையே இல்லாத நானும் தும்புத்தடியை வாங்கிக்கொண்டு ஓடி மூன்றாவதாக வந்தேன். (ஓடினது மூன்று பேர்.) ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கரிபியன்காரர் மேளம் அடிக்க, திடல் வாசல் ரோட்டில் சாப்பாட்டு வண்டிகள் வரிசையாய் நிற்க, நாங்கள் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு ஆடினோம். வெளியிலே, வெளிச்சத்திலே, கை கோத்துக்கொண்டு. ரொறொன்ரோவில் அதுவரைக்கும் நாங்கள் கண்டிராத சுதந்திரம் அது. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

தலை என்றதும் விசயத்துக்கு வருகிறேன்.

பந்தயத்துக்கு மூன்று கிழமை இருக்க, ஒரு சனிக்கிழமை காலை, திடலிலேயே ஒரு சாப்பாடு வைப்பார்கள். குதிரைகள் பயிற்சி ஓட, பார்த்துக்கொண்டே பான்கேக் தின்னலாம். நன்றாக உடுத்து வருகிற சோடிக்குப் பரிசும் உண்டு. ஒரேயொரு கட்டளை: தொப்பி போட்டுக்கொண்டு வரவேண்டும். அபி நூலகத்தில் நடந்த தொப்பி வகுப்பில் வெள்ளைப் பூவும் வலையும் வைத்துத் தலைக்கு வடிவாய் ஒன்று செய்து வைத்திருந்தாள். நானும் அதே வகுப்பில் ஒன்று செய்தேன். அதைப் பார்த்த ரீச்சர், இது விளக்குக்குப் போடுகிற மூடியா என்று மனம் நோகாமல் கேட்டா.

கடையில் வாங்கலாம் என்றால் என் தலை ஒரு தொப்பிக்குள்ளும் அடங்காது. எங்கள் பரம்பரைக்கே தலை பெரிசு. (மூளையைச் சொல்லவில்லை, சுற்றளவைச் சொல்கிறேன்.) கடை கடையாய் ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு விற்பனைப் பெண் தொப்பியை என் தலையில் இரண்டு கையாலும் அமத்திப் பார்த்துவிட்டு, இது தொப்பியின் பிழையில்லை என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பிளாசாவில் செல்வி அன்ரி என்றொருவ கலியாணச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிறவ. மணவறை, குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, மாப்பிள்ளைத் தலைப்பா. தலைப்பா! சரிகை வைத்து, கல்லுப் பதித்து, உச்சியில் குஞ்சம் வைத்த தலைப்பா. பின்னாலிருந்து தாடைக்குக் கீழாக நாடா வரும், எந்த மண்டைக்கும் இழுத்துக் கட்டலாம். வெள்ளைக்காரருக்கு மத்தியில் அதைப் போட்டுக்கொண்டு போனால் பரிசு எனக்கில்லாமல் யாருக்கு?

செல்வி அன்ரி தலைப்பாவை எடுத்து வைத்துவிட்டு, ஆருடைய கலியாணம் என்று கேட்டா. கலியாணம் இல்லை அன்ரி, ஒரு காலமைச் சாப்பாடு என்றேன். தலைப்பாவோடயோ என்றா. ஓம் அன்ரி, தலையில் ஏதும் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்றேன். அவ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கடைக் கதவை அரைவாசி சாத்தினா.

"களவா றெஜிஸ்ரர் பண்ணப் போறீரோ? பயப்பிடாதேயும் தம்பி. நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கமாட்டன். போட்டு முடிய ஒரு படம் மட்டும் அனுப்பிவிடும், என்ன. என்ர சாமான் எடுக்கிற ஆக்கள் எல்லாரும் அனுப்புறவை."

தலைப்பாவுக்குச் சேதம் ஏதும் வந்ததா என்று பார்க்கத்தான் படம் கேட்கிறா என்று நினைத்தேன். அப்படி நினைத்த அந்தப் பச்சைப் பிள்ளையை (என்னைத்தான்) நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாய் இருக்கிறது.

இனி உடுப்பு. தலைப்பாவுக்குக் கீழே கோட்டுச் சூட்டைப் போட்டுப் பார்த்தேன், ஹொட்டல் வாசலில் கதவு திறந்துவிடுகிறவர் மாதிரி இருந்தது. ஆகவே பட்டு வேட்டியும் சேட்டும் சால்வையும். அபியிடம் போனில் சொன்னேன், நான் வேட்டி, நீ சேலை, அப்போதுதான் சோடி பொருந்தும் என்று. அவள் சிவப்புச் சேலையில் வந்தாள். சிவப்புச் சேலை, தலையில் வெள்ளைப் பூ. பக்கத்தில் தலைப்பா கட்டின நான். இந்தக் காட்சியை எந்தத் தமிழ்ப் பிள்ளையிடம் காட்டினாலும் இது என்ன என்று சொல்லிவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் அது தோன்றவே இல்லை. நாங்கள் அதைத் தொப்பிப் போட்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

திடலுக்குள் நான் நடந்த நடை இருக்கே! வெயில், பச்சைப் புல், வேலிக்கு அந்தப் பக்கம் குதிரைகள் தடதடவென்று ஓடுகின்றன, எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். ஒரு வயதான வெள்ளைக்காரி என் சால்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, நீங்கள் ஏதாவது நாட்டுக்கு இளவரசரோ என்று கேட்டா. நான் இல்லை என்று சொல்லவில்லை. மில்லிக்கன் என்றேன்.

பரிசு எங்களுக்குத்தான். மேடையில் ஏற்றினார்கள். பந்தயத்தில் வென்ற குதிரைக்குப் பூவாலே போர்வை போடுவார்களாம். அதே பாணியில் சோடிக்கு ஆளுக்கொரு பூமாலை. நடுவர் அம்மா மாலைகளை எங்கள் கையில் கொடுத்து, ஒருத்தருக்கொருத்தர் போடச் சொன்னா. போட்டோம். அந்த நேரம் பார்த்து, சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் நீட்டுக் குழலை வாயில் வைத்துப் பம்பம் என்று ஊதினார். எனக்குச் சந்தோசம் உச்சிக்கு ஏறிவிட்டது. நான் இரண்டு கையையும் தூக்கி, பகிடிக்கு, அடித்தொண்டையால் கத்தினேன்:

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

ஆரோ ஒருவரிடம் என் போனைக் கொடுத்திருந்தேன். அவர் கிளிக் கிளிக் என்று மூன்று படம் எடுத்தார். தோளில் என்னவோ பொலபொலவென்று விழுந்தது. பூ என்று நினைத்தேன். தட்டிப் பார்த்தால் பொப்கோர்ன்.

திரும்பினோம். மேடைக்குப் பின்னால், வேலியோரம், கழுத்தில் தூரக்கண்ணாடி, கையில் பாதி கொட்டின பொப்கோர்ன் பெட்டியோடு ஒரு தமிழ் மனிசன். காலமை நேரத்தில் பொப்கோர்ன்! குதிரை பார்த்துக்கொண்டு நின்றவர், ரெக்ஸ்டேல் குதிரைத் திடலில் ஒருவன் கெட்டிமேளம் என்று கத்தினதைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார். திரும்பின இடத்தில் தன் மகள் மாலையும் கழுத்துமாய் நிற்கிறாள். கை தன்பாட்டில் மேலே போக, பொப்கோர்ன் எங்கள் தலைக்கு மேலால் பறந்திருக்கிறது.

"அப்பா?" என்றாள் அபி.

அபியின் அப்பா பரமானந்தம் அங்கிள் சனிக்கிழமை காலையில் ஷொப்பிங் மோலுக்குள் நடக்கப் போகிறவர். அப்படித்தான் வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். பிறசர், டொக்டர் நடக்கச் சொன்னவர், வெளியில் நடந்தால் முழங்கால் நோகும், மோலுக்குள் என்றால் நிலம் சமன். எவ்வளவு நியாயமான காரணங்கள். இப்போது அப்பாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"அம்மாட்டச் சொல்லுவியோ?"

"அம்மாட்டச் சொல்லுவீங்களா?"

மேடையால் இறங்கிக் கிட்டப் போனோம், அபி என்னை அறிமுகப்படுத்தினாள். மரியாதையாய் வணக்கம் சொல்லுவோம் என்று நான் இடுப்பு வரைக்கும் குனிந்தேன். குனிந்த இடம் வேலியோரம். பயிற்சிக் குதிரைகளுக்குத் துணைக்குப் போகிற ஒரு கிழட்டு மண்ணிறக் குதிரை வேலிக்கு மேலால் தலையை நீட்டி என் தலைப்பாவின் குஞ்சத்தைக் கவ்விப் பிடித்தது. நாடா தாடைக்குக் கீழே இறுகி என்னால் கத்தவும் முடியவில்லை. என் வருங்கால மாமனாரின் முதல் பார்வையில் நான் ஒரு குதிரையின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தேன். அங்கிள் பதறவே இல்லை. குதிரையின் நெற்றியைத் தடவி, "விடு ராசா, விடு. உது சாப்பாடில்லை" என்று தமிழில் சொன்னார். அது விட்டது. குஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்து பான்கேக் சாப்பிட்டோம். ஒப்பந்தம் இதுதான்: அங்கிள் எங்களைக் காணவில்லை, நாங்கள் அங்கிளைக் காணவில்லை. அபி அம்மாவிடம் தானே சொல்லும்வரை அவர் வாயைத் திறக்கமாட்டார். பிறகு அவர் குதிரைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஐயோ, என்ன மாதிரிச் சொன்னார்! ஓடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் தாய் எது, தகப்பன் எது, பாட்டன் எங்கே ஓடினது, மச்சாள் எங்கே வழுக்கி விழுந்தது என்று அவர் சொன்னதில் கலியாணப் புரோக்கர் கெட்டார். ஒரு நாளும் காசு கட்டினதில்லையாம். "சும்மா பாக்கிறதுதான் தம்பி. உதுகள் ஓடேக்க பாத்தால் எனக்கு நெஞ்சு நிறைஞ்சிடும். உதைப் போய் வீட்டில சொன்னால் ஆர் நம்புவினம்?" என்றார். எனக்கு அந்த மனிசனை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

அபி அப்பாவோடு போய்விட்டாள். நான் காரில் ஏறி இருந்தபோது செல்வி அன்ரியிடமிருந்து செய்தி: "படம் எங்க தம்பி?" மூன்று படத்தையும் பார்த்தேன். இரண்டாவதில் என் மூக்கு எடுப்பாய் இருந்தது. அதை அனுப்பினேன். அந்தப் படத்தில் நான் என் மூக்கைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை என்பதை நீதிமன்றத்திலும் சொல்வேன்.

நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். கார் அசைகிற வழியாய் இல்லை, போன் மட்டும் ஓயாமல் அதிர்ந்தது. எடுத்தால் லண்டனிலிருந்து பெரியம்மாவின் மகன். சொல்லாமல் கொள்ளாமல் முடித்துப்போட்டியே, நாங்கள் என்ன செத்தா போனோம் என்று கேட்டான். அவனுக்கு ஏதோ விசர் என்று வைத்துவிட்டேன். அடுத்தது பாரிஸ். அதற்கடுத்தது, மில்லிக்கனிலிருந்து என் அம்மா.

செல்வி அன்ரி சொன்ன சொல் தவறவில்லை. வாயை அவ திறக்கவே இல்லை. தன் கடையின் இணையப் பக்கத்தில் படத்தைப் போட்டுவிட்டா, அவ்வளவுதான். மேலே இரண்டு குத்துவிளக்கு, கீழே எல்லாச் சோடிக்கும் போடுகிற அதே வசனம்: "எங்கள் தலைப்பாவில் மாப்பிள்ளை! புதுமணத் தம்பதியருக்கு வாழ்த்துகள்." படத்தில் நாங்கள் மாலையும் கழுத்துமாய் நிற்கிறோம். ஒரு பக்கம் சிவப்புக் கோட்டுக்காரர் குழல் ஊதுகிறார். பின்னால் அங்கிள் கையைத் தூக்கியபடி. எங்கள் தலைக்கு மேலே வெள்ளை வெள்ளையாய் என்னவோ பறக்கிறது. ஆரைக் கேட்டாலும் சொல்வார்கள், பெண்ணின் தகப்பன் பின்னால் நின்று அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கிறார் என்று. கீழே வாழ்த்து மேல் வாழ்த்து. ஒருத்தர் எழுதியிருந்தார்: "தேப்பன்ர முகத்தில எவ்வளவு உணர்ச்சி!" அதற்குக் கீழே இன்னொருத்தர்: "பெண்ணின்ர தாயை ஏன் காணேல்லை?"

அந்தக் கேள்வியை வாசித்தபோதுதான் புவனா அன்ரியும் இதைப் பார்ப்பா என்று எனக்கு உறைத்தது.

என் அம்மா அழுதா. ஒரேயொரு மகன், ஒரு வார்த்தை சொன்னானா என்று அழுதா. இது குதிரைத் திடல், போட்டி, பரிசு என்று விளங்கப்படுத்தி முடிக்க எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டு, சரி, தலைப்பாவை ஆர் அப்படிக் கோணலாய்க் கட்டிவிட்டது என்று கேட்டா. அவ சமாதானமாகிவிட்டா என்று விளங்கியது.

பிறகு அபி எடுத்தாள்.

"அம்மா பாத்திட்டா, நிரோ."

"அழுறாவோ?"

"இல்லை. சமைக்கேல்லை." அபி குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு உன்னை வீட்டை வரட்டாம். தலைப்பாவையும் கொண்டு வரட்டாம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தலைப்பாவைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுச் சோபாவில் இருந்தேன். பக்கத்துக் கதிரையில் அங்கிள், பிரின்சிப்பல் அறையில் நிற்கிற பெடியன் மாதிரி. அபி சுவரோடு. தேத்தண்ணி வரவில்லை. (எங்கள் ஆட்கள் பரம எதிரி வந்தாலும் முதலில் தேத்தண்ணி கொடுப்பார்கள். பிறகுதான் சண்டை.) புவனா அன்ரி ரப்லெற்றில் படத்தைப் பெருப்பித்து வைத்திருந்தா. சின்ன உருவம், மெல்லிய குரல். அந்த மெல்லிய குரல்தான் பயங்கரம். படத்தில் விரலை வைத்து வைத்துக் கேட்டா. உது என்ன? மாலை, அன்ரி. ஏன்? பரிசு, அன்ரி. உது ஆர்? குழல் ஊதுறவர், அன்ரி. விரல் மெல்ல மேலே போய் அந்த வெள்ளைப் பொட்டுகளில் நின்றது. உது என்ன?

அபியும் நானும் அங்கிளைப் பார்த்தோம்.

அங்கிள்தான் வாயைத் திறந்தார். பொடியனைப் பற்றிக் கேள்விப்பட்டேன், உமக்குச் சொல்ல முதல் ஆள் எப்படி என்று ஒருக்கால் பார்த்துவிட்டு வருவோம் என்று போனேன் என்றார். பொய்தான். ஆனால் என்ன அழகான பொய்! குதிரையும் மறைந்துவிடும், எங்களுக்கும் வழி திறக்கும். நான் மனதுக்குள் அவருக்குக் கோயில் கட்டினேன்.

அன்ரி ரப்லெற்றை மேசையில் வைத்தா.

"அப்ப நீங்கள் தேப்பனும் மகளும் பேசிப்பறைஞ்சு மாப்பிள்ளை பாத்திருக்கிறியள். நேற்றுக் காலமை நான் எங்க நிண்டனான் தெரியுமோ? கோயில்ல. இவளுக்கு நல்ல இடத்தில அமையோணும் எண்டு நேத்தி வைச்சுக்கொண்டு நிண்டனான். என்ர பிள்ளைக்கு மாலை விழுது, நான் அங்க தேங்காயோட நிக்கிறன். எல்லாரும் கேக்கினம், பெண்ணின்ர தாய் எங்கயெண்டு. நான் என்ன சொல்ல?"

குரல் உடைந்துவிட்டது. அதுவரைக்கும் எனக்கு அவ, அபியை எனக்குத் தராமல் வைத்திருக்கிற ஓர் ஆள். அன்றைக்குத்தான் ஒரு தாயைப் பார்த்தேன். தலைப்பாவோடு எழும்பி ஓடிவிடலாம் போல வெட்கமாய் இருந்தது.

அங்கிள் கதிரையை விட்டு எழும்பி அவவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

"புவனா, நான் சொன்னது பொய். எனக்கு இவையைத் தெரியவே தெரியாது. நான் குதிரை பாக்கப் போனனான். கன வருசமாய்ப் போறனான். மோலுக்குப் போறேல்லை. அது அறுகரிசி இல்லை, பொப்கோர்ன். பிள்ளையைக் கண்ட பயத்தில கொட்டுப்பட்டது. நீ இல்லாமல் நான் அவளுக்கு ஒரு பூவும் வைக்கமாட்டன்."

அன்ரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா:

"குதிரை எனக்குத் தெரியும்."

அங்கிள் அவவுக்குப் பக்கத்திலிருந்து கொஞ்சம் ஓரமாய் நகர்ந்தார்.

"எந்த மோலுக்குள்ள சேறு கிடக்கு? சப்பாத்து முழுக்கச் சேறு, சேட்டில குதிரை மயிர், பொக்கற்றுக்குள்ள பொப்கோர்ன். உங்கட உடுப்பை ஆர் தோய்க்கிறது எண்டு நினைச்சியள்? போற மனிசன் சந்தோசமாத் திரும்பி வாறார், போகட்டும் எண்டு விட்டனான். உதில்லை என்ர துக்கம்."

அபி வந்து அம்மாவின் காலடியில் தரையில் இருந்தாள். தமிழும் இங்கிலிசும் கலந்து அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மா, நான்தான் உங்களுக்கு ஃபெர்ஸ்ற் சொல்லோணும் எண்டு இருந்தன். ஒரு வருசமா ட்ரை பண்ணினன். பயமா இருந்துது. இது நிரோ. எனக்கு இவனை விருப்பம் அம்மா. ஐ ஆம் சொறி." எவ்வளவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தோம், அதில் ஒரு வரியும் அவள் வாயில் வரவில்லை. ஆனால் அவளுடைய வாயாலேதான் வந்தது. அன்ரி மகளின் தலையில் கையை வைத்தா.

அந்த நேரம் பார்த்து வீட்டுப் போன் அடித்தது. லண்டனிலிருந்து அன்ரியின் அக்கா. அன்ரி எடுத்தா.

"ஓமக்கா... ஓம், பாத்தனான்... இல்லையக்கா, அது குதிரைத் திடல்ல, விளையாட்டுக்கு எடுத்த படம்... நான் இல்லாமல் எப்பிடியக்கா?" அன்ரி திரும்பி என்னை ஒருக்கால் பார்த்தா. தலையிலிருந்து கால்வரை, பிறகு காலிலிருந்து தலைவரை. "கலியாணம் இனித்தான். உங்களுக்குச் சொல்லாமலோ? கட்டாயம் வரோணும்."

போனை வைத்தா. அபி எழும்பி வந்து என் கையைப் பிடித்தது தெரியும், எந்தப் பக்கத்துக் கை என்று தெரியாது.

"ஒவ்வொருத்தருக்கும் இல்லை இல்லையெண்டு சொல்லிக்கொண்டு திரியிறதைவிட, செய்துவிடுறது சுகம்" என்றா அன்ரி. "தம்பி, தேத்தண்ணிக்குச் சீனி போடட்டோ?"

நான் தலையாட்டினேன். அவ எழும்பிப் போகிற வழியில் பெட்டியைத் திறந்து தலைப்பாவைத் தூக்கிப் பார்த்தா. "உதின்ர குஞ்சம் எங்க?" என்று கேட்டா. அங்கிள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, குதிரை சாப்பிட்டுவிட்டது என்றார். அன்ரி தலைப்பாவைக் கையில் பிடித்தபடி சிரிக்கத் தொடங்கினா. நிற்க முடியாமல் சிரித்துச் சிரித்துச் சோபாவில் இருந்தா. தேத்தண்ணியை அபிதான் போட்டாள்.

அடுத்த கோடையில் எனக்கு இரண்டாவது கலியாணம் நடந்தது, அதே பெண்ணோடு. குஞ்சம் போன தலைப்பாவை செல்வி அன்ரி திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டதால் அது என்னுடைய சொந்தம். அதையேதான் கட்டினேன். அஜக்ஸ் பல் டொக்டருக்கும் நல்ல இடத்தில் அமைந்தது. இப்போது எங்கள் குடும்பத்துக்கே அவர்தான் பல் பார்க்கிறார். என் பல்லை மட்டும் கொஞ்சம் கூடுதலான ஆர்வத்தோடு ராவுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அன்றைக்கு மணவறையில், தாலி கட்டி முடிய, எல்லாரும் அறுகரிசி போட்டு வாழ்த்தினார்கள். குனிந்த தலையோடு இருந்தபோது நெற்றியில் என்னவோ பட்டு மடியில் விழுந்தது. அரிசி இவ்வளவு பெரிசில்லையே என்று பார்த்தால் பொப்கோர்ன். நிமிர்ந்தேன். முன்னுக்கு, முதல் ஆளாக, படத்தில் நன்றாக விழக்கூடிய இடத்தில் புவனா அன்ரி நின்றா. கைப்பையை மெல்ல மூடிக்கொண்டிருந்தா.

அங்கிளுக்கு இப்போது மோல் தேவையில்லை. கோடை பிறந்து, ரெக்ஸ்டேலில் லாட ஜிலேபி சுடத் தொடங்கினால், சனிக்கிழமை காலையில் தூரக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தலை நிமிர்ந்து முன்வாசலால் போவார். அன்ரி கதவடியில் நின்று, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு கிழமையும் அதே வசனத்தைச் சொல்லுவா:

"போறது போங்கோ. ஆரின்ரையும் கலியாணத்தை முடிச்சு வைச்சிட்டு வராதேங்கோ."

அவரோடு குதிரை பார்க்கப் போக வந்து நிற்கிற நான், தலைப்பாவை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடுவேன்.